கிழட்டுப் பூனையும் மணல் பெட்டியும்

வயதான பூனை தன் மணல் பெட்டியை விட்டு வெளியே மூத்திரமோ மலமோ போக ஆரம்பித்தால் வீட்டில் உடனே ஒரு தீர்ப்பு வந்துவிடும்: திமிர். எங்கள் வீட்டில் அதைச் சொன்னது அம்மா. "வயசாக வயசாகக் கிழவிக்குக் கொழுப்பு ஏறிப் போச்சு." கிழவி என்றால் கருப்பி. வயது 16. குட்டியாக வந்ததிலிருந்து பெட்டியைத் தவிர வேறெங்கும் கால் மடக்காதவள். அத்தனை வருஷம் கட்டிக்காத்த பழக்கத்தை ஒரு பூனை சும்மா விடாது. பூனை நம்மைப் பழிவாங்க மூத்திரம் பெய்கிறது என்பது, நம்முடைய புத்தியைக் கடன் கொடுத்து அதை எடைபோடுவது. அதனால் திட்டுவதும், ஈரத்தில் முகத்தை வைத்துத் தேய்ப்பதும் ஒன்றுக்கும் உதவாது. பயந்த பூனை அடுத்த தடவை சோபாவுக்குப் பின்னால் போய்விட்டு வரும், அவ்வளவுதான்.

பார்க்க வேண்டியவை மூன்று: எங்கே போகிறது, எவ்வளவு போகிறது, எப்படி உட்கார்ந்து போகிறது. துடைக்கத் துணியை எடுக்கும் முன் போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். பத்துப் படம் சேர்ந்ததும் அதில் ஒரு ஒழுங்கு தெரியும்.

கருப்பியின் படங்களில் பெரும்பாலும் ஈரம் பெட்டியின் வாசலை ஒட்டியே இருந்தது. பெட்டியை வெறுக்கும் பூனை அதன் காலடியிலேயே போகாது. சரி, பார்ப்போம் என்று ஒரு காலையில் சற்றுத் தள்ளித் தரையில் உட்கார்ந்து கவனித்தேன். வந்தாள். விளிம்பை முகர்ந்தாள். முன்னங்கால் ஒன்றைத் தூக்கி உள்ளே வைத்தாள், அடுத்ததையும் வைத்தாள். பின்னங்கால்கள் மட்டும் வெளியே நின்றன. இடுப்பை ஒருமுறை எக்கினாள், வலது பின்னங்கால் தரையை விட்டுக் கொஞ்சம் எழுந்து திரும்ப இறங்கியது. அப்புறம் முன்னங்காலால் மணலை ஒழுங்காகத் தோண்டினாள், குந்தினாள், எல்லாவற்றையும் வெளியே விட்டாள். முடித்ததும் உள்ளே இருந்த மணலை மூடிவிட்டு நடந்து போனாள். அவள் கணக்கில் பெட்டிக்குள்தான் போயிருக்கிறாள். வயிற்று உயரத்தில் இருந்த விளிம்பைத் தாண்ட இடுப்பு இடம் தரவில்லை. வயதானது பூனைக்கு. பெட்டி மட்டும் குட்டிப் பருவத்தில் வாங்கியபடியே இருந்தது.

எல்லாப் பூனைக்கும் இதே காரணம் இருக்காது. ஈரம் விழும் இடத்தை வைத்து ஓரளவு ஊகிக்கலாம். சுவரிலோ கதவிலோ நின்றபடி, வாலைத் தூக்கி, கொஞ்சமாகத் தெளித்திருந்தால் அது எல்லை குறிப்பது. அதற்கான காரணங்கள் வேறு. படுத்து எழுந்த இடத்தில் பெரிய ஈரம் இருந்தால், தூக்கத்திலேயே கசிகிறதா என்று பார்க்க வேண்டும். மெத்தை, துண்டு, மிதியடி என்று மெத்தென்ற இடமாகத் தேடினால் கரடுமுரடான மணல் பாதத்தை உறுத்தலாம். குளியலறைத் தரை போல வழவழப்பான இடத்துக்குப் போனாலும் மணலையே சந்தேகிக்கலாம். சிறுநீர் உள்ளே, மலம் மட்டும் வெளியே என்றால் மூட்டு வலி அல்லது மலச்சிக்கல். மலம் கழிக்க அதிக நேரம் குந்த வேண்டும், முதுகை வளைக்க வேண்டும். பாதியிலேயே வலித்தால் நடந்துகொண்டே போட்டுவிட்டுப் போகும். வீட்டில் பல இடங்களில் சொட்டுச் சொட்டாக, சில சமயம் சிவப்பாக இருந்தால் சிறுநீர்ப்பை எரிகிறது என்று பொருள்.

ஒரு விஷயம் மட்டும் காத்திருக்கவே கூடாது. ஆண் பூனை பெட்டிக்குப் போய்ப் போய் முக்குகிறது, ஒன்றும் வரவில்லை, கத்துகிறது, அடியில் நக்கிக்கொண்டே இருக்கிறது என்றால் சிறுநீர்க் குழாய் அடைத்திருக்கலாம். ஓரிரு நாளில் உயிரே போய்விடும். பாதி ராத்திரி என்றாலும் கிளம்பிவிட வேண்டும். "மலச்சிக்கலா இருக்கும், காலையில பாத்துக்கலாம்" என்று விடுவதுதான் இதில் ஆபத்து. இரண்டும் பார்வைக்கு ஒரே மாதிரிதான் இருக்கும்.

மற்றபடி, பெட்டியை மாற்றுவதற்கு முன்னால் மருத்துவரைப் பார்ப்பது நல்லது. எடுத்துப் போக வேண்டியவை அந்தப் படங்களும், பூனை நடப்பது, மாடிப்படி இறங்குவது, பெட்டிக்குள் ஏறுவது ஆகியவற்றின் வீடியோவும். மருத்துவர் மேசையில் எந்தப் பூனையும் நொண்டாது. பயத்தில் உடம்பைச் சுருட்டி உட்கார்ந்துகொள்ளும். எங்கள் டாக்டர் கருப்பியைத் தொட்டுப் பார்த்ததைவிட வீடியோவைப் பார்த்த நேரம்தான் அதிகம். "பின்னாடி ரெண்டு காலையும் சேத்து வெச்சு முயல் மாதிரி தாவுதுங்க, பாருங்க. இது வலிங்க" என்றார். நான் அதை வயசுக்கேற்ற நடை என்று எண்ணியிருந்தேன். 12 வயதைத் தாண்டிய 100 பூனைகளின் எக்ஸ்ரேக்களைப் பார்த்து 2002-ல் ஒரு ஆய்வு வந்தது. அதில் 90 பூனைகளுக்கு மூட்டுத் தேய்மானத்தின் அடையாளம் இருந்தது. நாய் நொண்டும், முனகும். பூனை தாவுவதை நிறுத்திவிடும், நாம் அதைச் சாது ஆகிவிட்டது என்போம். முதுகின் பின்பாதியில் முடி சிக்காகக் கிடக்கிறதா, நகம் தரையில் தட்டிக் கேட்கிறதா என்று பாருங்கள். வலிக்கும் பூனை திரும்பி நக்காது, நகத்தைத் தேய்க்காது. வளர்ந்த நகம் வளைந்து பாதத்தையே குத்தும். அந்தப் பாதத்தோடு மணலில் எப்படி நிற்கும்?

ரத்தமும் சிறுநீரும் பரிசோதிக்கச் சொல்வார்கள். தவிர்க்க வேண்டாம். வயதான பூனைக்கு வரும் சிறுநீரக நோய், சர்க்கரை, தைராய்டு அதிகமாகச் சுரப்பது எல்லாமே தண்ணீரை அதிகம் குடிக்க வைக்கும், சிறுநீரையும் கூட்டும். உடல் எடையில் ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு 100 மில்லிலிட்டருக்கு மேல் தண்ணீர் குடித்தால் அது நோயின் கணக்கு. ஆனால் குடிப்பதை அளப்பதைவிட அள்ளுவதைக் கவனிப்பது சுலபம். மூத்திரம் பட்டுத் திரண்டு எலுமிச்சை அளவில் விழுந்துகொண்டிருந்த மணல் கட்டிகள் உள்ளங்கை அகலத்துக்கு வந்தபோதே கருப்பியின் சிறுநீரகம் பேச ஆரம்பித்திருந்தது. ஆரோக்கியமான பூனையின் சிறுநீர் நல்ல அடர்த்தியாக, தண்ணீரை 1 என்று வைத்தால் பொதுவாக 1.035-க்கு மேல் இருக்கும். சிறுநீரகம் தளரும்போது அது நீர்த்துப் போகும். ரத்தத்தில் கிரியேட்டினின் என்ற கழிவு ஏறுவது சிறுநீரகத்தின் பெரும்பகுதி போன பிறகுதான். எஸ்டிஎம்ஏ என்ற ரத்தப் பரிசோதனை கொஞ்சம் முன்கூட்டியே காட்டும். தைராய்டுக்கு டி4 என்ற ஹார்மோனின் அளவைப் பார்ப்பார்கள். நன்றாகச் சாப்பிட்டும் இளைக்கும் கிழப் பூனையை முதலில் சந்தேகிக்க வேண்டியது அங்கேதான். இளம் பூனைக்குச் சிறுநீரில் கிருமித் தொற்று வருவது அரிது, வயதானவற்றுக்கு அப்படி இல்லை. அதனால் சிறுநீரைக் கிருமி வளர்ப்புச் சோதனைக்கு அனுப்பச் சொன்னால் அனுப்புங்கள்.

ரத்த அழுத்தத்தையும் கேட்டுப் பார்க்கச் சொல்லுங்கள், பல இடங்களில் கேட்டால்தான் பார்க்கிறார்கள். சிறுநீரகக் கோளாறோ தைராய்டோ இருக்கும் பூனைக்கு அழுத்தம் ஏறினால் விழித்திரை பிரிந்து திடீரென்று கண் தெரியாமல் போகலாம். கண் தெரியாத பூனை பெட்டியைத் தேடி அலைவதை மறதி என்று நினைத்துவிடுவோம்.

வலிக்கு வீட்டில் இருக்கும் மாத்திரையைக் கொடுக்கவே கூடாது. பாராசிட்டமால் பூனைக்கு விஷம், ஒரே மாத்திரை கொன்றுவிடும். மருத்துவர் தரும் மெலாக்சிகாம் என்ற வலி மருந்தைக்கூட சிறுநீரகத்தின் நிலையைப் பார்த்துத்தான் அளவு வைப்பார். பூனைகளின் மூட்டு வலிக்கென்றே மாதம் ஒருமுறை போடும் ஃப்ரூனெவெட்மாப் என்ற ஊசிக்கு அமெரிக்காவில் 2022-ல் அனுமதி கிடைத்தது. உங்கள் மருத்துவரிடம் கேட்டுப் பார்க்கலாம்.

இனி பெட்டி. மாற்றம் உடனே தெரிவது இங்கேதான்.

பூனைக்கென்று விற்கும் பெட்டிகளில் பாதி, வாங்குகிறவரின் கண்ணுக்காகச் செய்யப்பட்டவை. மூடி, ஊஞ்சல் கதவு, மேலே ஏறி உள்ளே குதிக்கும் வகை: கிழப் பூனைக்கு எதுவும் ஆகாது. மூக்கிலிருந்து வால் தொடங்கும் இடம் வரை அளந்து, அதைப்போல் ஒன்றரை மடங்கு நீளமுள்ள பெட்டி வேண்டும். துணி அடுக்கும் பெரிய பிளாஸ்டிக் டப்பாதான் எனக்கு ஒத்து வந்தது. ஒரு பக்கத்தை மட்டும் நாலு விரல்கடை உயரம் விட்டு வெட்டினேன். மற்ற மூன்று பக்கமும் உயரமாகவே இருக்கட்டும். வயதான பூனை குந்த ஆரம்பித்து இடுப்பு வலியில் மெல்ல எழுந்துவிடும், உயரமான சுவர் இல்லாவிட்டால் வெளியே பீய்ச்சும். வெட்டிய விளிம்பை உப்புத்தாளால் தேய்த்து மேலே தடித்த டேப் ஒட்டிவிடுங்கள். வெட்டின பிளாஸ்டிக் வயிற்றைக் கீறினால் அந்தப் பெட்டிப் பக்கமே வராது. வாசலுக்கு வெளியே வழுக்காத ரப்பர் மிதியடி ஒன்று. வழவழப்பான டைல்ஸில் நின்று காலைத் தூக்குவது அதற்குப் பெரிய பாடு.

மணல் பொடியாக, கட்டிபிடிக்கிற வகையாக, வாசனை சேர்க்காததாக இருக்கட்டும். பெரும்பாலான பூனைகளுக்கு அதுதான் பிடிக்கும். லாவண்டர் மணம் நமக்கு, பூனைக்கு அது மூக்கில் குத்தும். நாலைந்து சென்டிமீட்டர் ஆழம் போதும். ஆழமாகக் கொட்டினால் பாதம் புதையும், மூட்டு வலிக்கிற பூனை அதில் தள்ளாடும். பிளாஸ்டிக் உறை விரிப்பது நமக்குச் சௌகரியம்தான், ஆனால் நீண்ட நகம் அதில் மாட்டிக்கொள்ளும்; நான் அதை எடுத்தே போட்டுவிட்டேன். மணலை மாற்றுவதானால் ஒரேயடியாக மாற்றாமல் பக்கத்தில் இன்னொரு பெட்டியில் புதியதைக் கொட்டி வையுங்கள். எது வேண்டும் என்று பூனையே சொல்லிவிடும்.

பழைய பெட்டியை எடுத்துவிட்டுப் புதியதை வைக்கவும் வேண்டாம். பழையது அங்கேயே இருக்கட்டும், புதியது கூடுதலாக வரட்டும். பூனைகளின் எண்ணிக்கையைவிட ஒன்று அதிகம் என்பது பொதுவாகச் சொல்லும் கணக்கு. அடுத்தடுத்து மூன்று பெட்டிகளை வரிசையாக வைத்தால் பூனைக்கு அது ஒரே இடம்தான், பிரித்து வைக்க வேண்டும். மாடி வீடு என்றால் ஒவ்வொரு தளத்திலும் ஒன்று. கிழப் பூனைக்கு அவசரம் வந்தால் கடைசிப் பெட்டி வரை தாங்காது. சிறுநீரகக் கோளாறு உள்ளதற்கு இன்னும் மோசம். கருப்பி பெரும்பாலும் தூங்குவது என் அறையில் என்பதால் அவள் படுக்கையிலிருந்து சில அடிகளில் ஒரு பெட்டி வந்தது. படுக்கையறையில் மணல் பெட்டியா என்று முகம் சுளித்தவர்கள் உண்டு. மெத்தையை வெளியே தூக்கிக் காயப்போட்டுப் பார்த்தால் சுளிக்க மாட்டார்கள். சாப்பாட்டுக்கும் தண்ணீருக்கும் பக்கத்தில் மட்டும் வைக்காதீர்கள். திடீரென்று உறுமும் வாஷிங் மெஷின் பக்கமும் வேண்டாம்.

ராத்திரிக்கு ஒரு சின்ன இரவு விளக்கு. வயதான கண் இருட்டில் முன்போலத் தேடாது.

அள்ளுவது நாளைக்கு இரண்டு தடவை. இதில் சமாதானமே கிடையாது. அதிகம் மூத்திரம் போகும் பூனையின் பெட்டி காலையில் சுத்தமாக இருந்தால் சாயங்காலம் நிறைந்துவிடும். கால் வைக்க இடமில்லாவிட்டால் வெளியே போவதற்குப் பூனையைக் குறை சொல்ல முடியாது.

வீட்டில் இன்னொரு பூனை இருந்தால் ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். எங்கள் வீட்டில் இரண்டாவது ஒருவன் இருக்கிறான், இளசு. அவன் சண்டை போடுவதில்லை, கடிப்பதில்லை. கருப்பி பெட்டிக்குப் போய்வரும் வழியில் நடுவில் படுத்துக்கொள்வான், அவ்வளவுதான். பார்க்க ஏதோ தூங்குவது போலவே இருக்கும். அவள் வாசற்படியில் நின்று அவனைப் பார்ப்பாள், திரும்பிப் போய்விடுவாள். பூனைகளின் ரவுடித்தனம் பெரும்பாலும் சத்தமில்லாதது. இரண்டு பக்கம் வழியுள்ள இடத்துக்குப் பெட்டியை நகர்த்தியதும், ராத்திரியில் அவனை வேறு அறையில் விட்டதும் பெட்டிக்குப் பெட்டி அலைவது குறைந்தது. மூடி போட்ட பெட்டி வேண்டாம் என்பதற்கு இதுவும் காரணம்: உள்ளே இருப்பவளுக்கு வெளியே யார் காத்திருக்கிறார்கள் என்று தெரியாது.

மலச்சிக்கலைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதைத்தான் எல்லோரும் தாமதமாகக் கவனிக்கிறார்கள். சிறுநீரகம் தண்ணீரைப் பிடித்துவைக்காததால் உடம்பு காய்கிறது, குடல் மலத்திலிருந்து நீரை உறிஞ்சிக்கொள்கிறது. சின்னச் சின்ன உலர்ந்த உருண்டைகளாக விழும். பெட்டியில் முக்கும்போது வலித்தால் பூனையின் கணக்கு நேரானது: இந்தப் பெட்டியில்தான் வலித்தது, இனி அங்கே வேண்டாம். அப்புறம் வலியைத் தீர்த்தாலும் பெட்டி மேல் சந்தேகம் கொஞ்ச நாள் நிற்கும். வேறு இடத்தில், வேறு மாதிரிப் பெட்டி வைத்தால் சீக்கிரம் மறக்கும். ஈர உணவு, பல இடங்களில் தண்ணீர்க் கிண்ணம், மருத்துவர் சொன்னால் மலத்தை இளக்கும் லாக்டுலோஸ், தேவைப்பட்டால் தோலுக்கடியில் திரவம் ஏற்றுவது. கடைசியாகச் சொன்னதை வீட்டிலேயே செய்யக் கற்றுத் தருவார்கள், பார்க்கப் பயமாக இருக்கும், கை பழகிவிடும். இரண்டு நாளாக மலமே இல்லை என்றால் போன் செய்துவிட வேண்டும். மனிதர்களுக்கு விற்கும் பாஸ்பேட் எனிமாவைப் பூனைக்குப் போடாதீர்கள், அது உயிருக்கு ஆபத்து.

துடைக்கும் விஷயத்தில் சோப்புத் தண்ணீர் நம் மூக்கைத்தான் ஏமாற்றும். பூனை மூத்திரத்தில் உள்ள யூரிக் அமிலம் தண்ணீரில் சுலபமாகக் கரையாது. காய்ந்து படிந்து, காற்றில் ஈரம் ஏறும்போது திரும்ப நாறும். அந்த நாற்றமே பூனைக்கு அழைப்பு. நொதி கலந்த கிளீனர்தான் அதை உடைக்கும். அதைத் தெளித்து உடனே துடைத்தால் காசு வீண். ஈரம் எவ்வளவு தூரம் இறங்கியதோ அவ்வளவு தூரம் கிளீனரும் இறங்க வேண்டும், பாட்டிலில் சொன்ன நேரம் ஊற வேண்டும், தானாகக் காய வேண்டும். பழைய இடங்களைக் கண்டுபிடிக்க விளக்கை அணைத்துவிட்டுப் புற ஊதா டார்ச் அடித்துப் பாருங்கள். கொஞ்சம் மனசைத் திடப்படுத்திக்கொண்டு அடியுங்கள். அம்மோனியா கலந்த திரவம் மூத்திர வாசனையையே கூட்டும். ப்ளீச் மூத்திரத்தோடு சேர்ந்தால் மூச்சை முட்டும் வாயு வரும். பினாயில் வகையறா வேண்டவே வேண்டாம். பூனையின் கல்லீரலுக்கு அதைச் செரித்து வெளியேற்றும் திறன் மிகக் குறைவு, பாதத்தில் ஒட்டியதை நக்கியே விஷமேறும்.

ராத்திரியில் நடு ஹாலில் நின்று காரணமில்லாமல் ஓலமிடுவது, சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்பது, சாப்பிட்ட கையோடு மறுபடி சாப்பாடு கேட்பது எல்லாம் மூளை தளரும் அறிகுறிகளாக இருக்கலாம். ஆனால் ரத்த அழுத்தமும் தைராய்டும் வலியும் இதேபோல் கத்த வைக்கும் என்பதால் அவற்றைப் பார்த்த பிறகே அந்த முடிவுக்கு வர வேண்டும். அப்படித்தான் என்றால், வீட்டில் எதையும் இடம் மாற்றாமல் இருப்பதே பெரிய உதவி. ராத்திரியில் நடமாடும் பரப்பைச் சுருக்கி, ஒரே அறையில் படுக்கை, தண்ணீர், பெட்டி என்று வைத்தால் தேடுவதற்கு அதிகம் இருக்காது.

இத்தனைக்குப் பிறகும் கருப்பி நூற்றுக்கு நூறு பெட்டிக்குள் போகிறாளா? இல்லை. வலி மருந்து, தாழ்ந்த வாசல், அறைக்குள் பெட்டி மூன்றும் சேர்ந்து பெரும்பகுதியைச் சரிசெய்தன. மிச்சத்துக்குப் பெட்டியைச் சுற்றிலும் உறிஞ்சும் பேட் விரித்திருக்கிறேன். துவைத்துத் திரும்பப் பயன்படுத்தும் வகை நல்லது. அதன் மேல் போனால் வெற்றியாகவே எழுதிக்கொள்கிறேன். சில பூனைகளுக்குக் கடைசியில் மணலே வேண்டாம், வெறும் பேட் விரித்த தட்டு போதும் என்று ஆகிவிடுகிறது, அதிலும் தப்பில்லை. நீளமான முடியுள்ள பூனைக்குப் பின்பக்க முடியை ட்ரிம்மரால் ஒட்ட வெட்டிவிட்டால் பாதி அழுக்கு குறையும்.

எடை பார்ப்பதை வழக்கமாக வைத்துக்கொள்ளுங்கள். 4 கிலோ பூனை 400 கிராம் இளைத்தால் கண்ணுக்குத் தெரியாது, உடம்பில் பத்தில் ஒரு பங்கு போயிருக்கும். குழந்தைகளை நிறுத்தும் தராசு இருந்தால் சரியாகக் காட்டும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை மருத்துவரிடம் போகும்போது அந்த எண்களைக் கொடுத்தால், பாதிக் கேள்வி கேட்காமலே முடிந்துவிடும்.

வெளியூர் போகும்போது பூனையைப் பார்த்துக்கொள்ள வருபவருக்கு ஒரு தாள் எழுதி வைக்கிறேன். அதில் கொஞ்சுவது பற்றி ஒரு வரிகூடக் கிடையாது. காலையில் எத்தனை கட்டி, சாயங்காலம் எத்தனை, மலம் விழுந்ததா, எந்தப் பெட்டியில், இவ்வளவுதான் கட்டம் போட்டிருக்கும். அரை நாளாக ஒரு கட்டிகூட விழவில்லை என்றால் என்னைக் கூப்பிட்டு நேரத்தைக் கழிக்காமல் நேரே டாக்டரைக் கூப்பிடும்படி சிவப்பு மையில் எழுதியிருக்கிறேன். அவர் நம்பரைப் பெட்டிக்கு மேலே சுவரிலும் ஒட்டிவிட்டேன்.